டொபாங்கா: இடம் கொடுத்த மலை

வியாழன் இரவு

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மையத்திலிருந்து மேற்கே நாற்பது கிலோமீட்டர் போல வந்தால் சான்டா மோனிகா மலைகள். அந்த மலைகளைப் பிளந்துகொண்டு கடலில் போய் முடியும் பள்ளத்தாக்குகளில் ஒன்றுதான் டொபாங்கா. வடக்கே சான் ஃபெர்னாண்டோ சமவெளி, தெற்கே பசிபிக் கடல். இரண்டையும் இணைப்பது 27-ஆம் எண் மாநிலச் சாலை. பள்ளத்தாக்கில் 8,000 பேருக்குக் கொஞ்சம் மேல் வசிக்கிறார்கள்.

நான் தங்கியிருப்பது பெரியம்மா மகள் வீட்டில். வீடு உட்லண்ட் ஹில்ஸில், மலையின் வடக்கு அடிவாரம். நான்கு நாளும் டொபாங்காவுக்குத்தான் போகப்போகிறேன் என்றதும் அக்காவுக்கு ஆச்சரியம்.

"ஊர்ல இருந்து வர்றவங்க எல்லாம் ஹாலிவுட், யூனிவர்சல்னு கேப்பாங்க. அந்தக் காட்டுல என்னடா இருக்கு?"

"அங்க இருந்த ஆளுங்கதான்க்கா."

1950-களிலிருந்து 70-கள் வரை அங்கே வந்து தங்கிய நடிகர்கள், ஓவியர்கள், பாடகர்கள் பட்டியல் நீளமானது. பிரபலங்களின் வீட்டைத் தேடிப் போய் வாசலில் நின்று படம் எடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டும். நகரம் கைவிட்ட பலர் ஏன் இந்த ஒரு பள்ளத்தாக்குக்கு வந்தார்கள்? யார் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள்? ஹாலிவுட்டை ஒட்டியே லாரல் கேன்யன் இருக்கிறது. பாட்டுக்காரர்களின் மலை என்று அதற்குப் பெயரும் அதிகம். அங்கிருந்து கொஞ்ச தூரம் இறங்கினால் சன்செட் புலவார் என்ற பெரிய நகரச் சாலை. வாய்ப்பைத் தேடி வந்தவர்கள் அங்கே தங்கினார்கள். டொபாங்கா அப்படி இல்லை. அங்கே போனவர்கள் நகரத்திலிருந்து தள்ளியிருக்க விரும்பியவர்கள், அல்லது நகரமே தள்ளிவிட்டவர்கள்.

காரணத்தில் பாதி பணம். 1920-களில் வார இறுதிக்கு வந்து போகக் கட்டிய மரக் குடில்கள் இங்கே ஏராளம். மலைச் சரிவு, பாதாளச் சாக்கடை கிடையாது, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், மழை வந்தால் மண்சரிவு, வெயில் வந்தால் தீ. வசதியுள்ளவர்கள் வர யோசித்தார்கள். அதனால் வாடகை மலிவு, நிலமும் மலிவு. மீதிப் பாதி மனிதர்கள். அதைத்தான் எழுதப் போகிறேன்.

வெள்ளி

காலையில் அத்தான் காரைக் கொடுத்துவிட்டு, "வளைவுல ஹாரன் அடிக்காதீங்க, ஊர்க்காரங்களுக்குப் பிடிக்காது. பின்னாடி வண்டி சேர்ந்துட்டா ஒதுங்கி வழி விட்டுடுங்க" என்றார். அந்தச் சாலைக்கு அந்த இரண்டு விதியும் போதும்.

உச்சியில் ஒரு நோக்குமுனை. அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் சான் ஃபெர்னாண்டோ சமவெளி முழுக்க வீடும் சாலையுமாகக் கட்டம் கட்டமாகக் கிடக்கிறது. சாலை அடுத்த வளைவில் இறங்கியதும் அத்தனையும் மறைந்துவிடுகிறது. ஓக் மரங்கள், ஓடையை ஒட்டி வெள்ளைப் பட்டை உரியும் சிக்கமோர் மரங்கள், சரிவெங்கும் சாம்பல் பச்சைப் புதர். ஜன்னலை இறக்கினால் வெயிலில் காய்ந்த ஸேஜ் இலை வாசனை. பழைய குடிகள் டோங்வா மக்கள், மேற்கே சூமாஷ் மக்கள். ஊர்ப் பெயர் டோங்வா மொழியிலிருந்து வந்தது.

ஊர் மையம் என்பது சில கடைகள், தபால் நிலையம், இரண்டு மூன்று சாப்பாட்டுக் கடை, அவ்வளவுதான். ஓடைக்கரையில் 1970-களில் தொடங்கிய 'இன் ஆஃப் தி செவன்த் ரே' இன்னும் இருக்கிறது. இயற்கை விவசாயச் சாப்பாடு என்பது யாருக்கும் பழகாத காலத்தில் தொடங்கிய உணவகம். இன்று கல்யாண விருந்துக்கு ஆட்கள் முன்பதிவு செய்யும் இடம். வாசலில் விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, சாலையோரக் கடையில் ஒரு சாண்ட்விச் வாங்கிக்கொண்டு ஊர் நூலகத்துக்குப் போனேன். மதியம் முழுக்க அங்கேதான்.

வாலஸ் பெர்மனைப் பற்றிப் படிக்கத்தான் அங்கே உட்கார்ந்தேன். அவரைச் சொல்லாமல் டொபாங்காவைப் பேச முடியாது என்பது என் எண்ணம், ஆனால் அவரை இன்று ஓவியக்காரர்களுக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. 1926-இல் பிறந்தவர். பொறுக்கி எடுத்த பொருள்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கலையாக்கும் கலிஃபோர்னியா மரபின் முன்னோடி. 1957-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஃபெரஸ் கேலரி என்ற புது காட்சிக்கூடம் திறந்தது. அங்கே அவர் வைத்த முதல் கண்காட்சியில் போலீஸ் நுழைந்தது. ஆபாசம் என்று வழக்கு. அதற்குக் காரணமான கோட்டோவியமும் அவருடையதல்ல, கேமரன் என்ற தோழி வரைந்தது. நீதிமன்றம் குற்றவாளி என்றது. 150 டாலர் அபராதம். நடிகர் டீன் ஸ்டாக்வெல், பெர்மனின் நண்பர், அந்தப் பணத்தைக் கட்டினார்.

அதன்பின் காட்சிக்கூடங்களில் வேலைகளை வைப்பதைப் பெர்மன் ஏறக்குறைய விட்டுவிட்டார். வடக்கே சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் போய்ச் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பினார். பெவர்லி க்ளென்னில் இருந்த வீட்டை 1965-இல் மண்சரிவு வந்து சிதைக்க, குடும்பத்தோடு டொபாங்காவுக்குக் குடிவந்தார்.

அவர் நடத்திய 'செமினா' சிற்றிதழைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். 1955-இலிருந்து 1964 வரை மொத்தம் ஒன்பது இதழ்கள். கையால் இயக்கும் சிறு அச்சு இயந்திரத்தில் அவரே அச்சடித்தார். பெரும்பாலான இதழ்களுக்குக் கட்டு கிடையாது, உறைக்குள் உதிரித் தாள்கள். ஒரு தாளில் கவிதை, ஒரு தாளில் புகைப்படம், இன்னொன்றில் கோட்டோவியம். வாங்கியவர் தன் விருப்பப்படி வரிசை மாற்றிப் படிக்கலாம். ஒரு இதழுக்குச் சில நூறு பிரதிதான். அவற்றையும் கடைக்கு விடாமல் நண்பர்களுக்குத் தபாலில் அனுப்பிவிடுவார். இன்று பெரிய அருங்காட்சியகங்கள் அந்த உறைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கின்றன.

ஒரு பிரதியின் படத்தை நூலகத்துப் புத்தகத்தில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பக்கத்திலேயே அவருடைய பிற்கால வேலை: பழைய நகலெடுக்கும் இயந்திரமான வெரிஃபாக்ஸில் எடுத்த படங்கள். ஒரு கை டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பிடித்திருக்கிறது. ரேடியோவில் ஒலிபெருக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு படம். அதே கை, அதே ரேடியோ, கட்டம் கட்டமாகத் திரும்பத் திரும்ப. கட்டத்துக்குக் கட்டம் உள்ளே இருக்கும் படம் மட்டும் மாறுகிறது: ஒரு முகம், ஒரு பாம்பு, ஒரு சாவி. பழுப்பு நிறத்தில், ஓரம் கொஞ்சம் மங்கி. விளம்பரத்திலிருந்து எடுத்த ஒரே ஒரு கையை வைத்து வருடக்கணக்காக வேலை செய்திருக்கிறார். இன்னும் இன்னும் வேண்டும் என்று ஓடுகிற ஒரு நகரத்தின் ஓரத்தில் இருந்துகொண்டு இதைச் செய்ய ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்' இசைத்தட்டு அட்டையில் நிற்கும் முகங்களில் பெர்மனும் உண்டு. 'ஈஸி ரைடர்' படத்தில் விதை விதைக்கும் ஆளாக ஒரு நிமிடம் வருவார். 1976 பிப்ரவரி 18, அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள். டொபாங்காவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவர் மோதி அவர் இறந்தார். நான் காலையில் இறங்கி வந்த அந்த வளைவுகளைத் திரும்பும் வழியில் வேறு மனநிலையோடு ஓட்டினேன்.

சனி

இன்றைய நாள் முழுக்க வில் கீருக்கு.

எழுபதுகளில் அமெரிக்கத் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு அவர் 'தி வால்டன்ஸ்' தொடரின் தாத்தா. 1975-இல் அதற்காக எம்மி விருதும் வாங்கினார். நாடே தாத்தா என்று அழைத்த அந்த மனிதரை இருபது வருடத்துக்கு முன் அதே ஹாலிவுட் வேலைக்கு வைக்க மறுத்தது.

1902-இல் இண்டியானாவில் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தார். நாடகம், தொழிற்சங்க மேடை, வேலைநிறுத்தக் கூட்டம் என்று முப்பதுகளில் அலைந்தார். 1951-இல் 'அமெரிக்க விரோதச் செயல்களை' விசாரித்த நாடாளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டது. யார் யார் கம்யூனிஸ்ட் என்று சொல் என்பதே அந்த விசாரணையின் சாரம். அவர் ஒத்துழைக்க மறுத்தார். உடனே கறுப்புப் பட்டியல். பத்து வருடத்துக்கு மேல் ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அவரும் மனைவி ஹெர்ட்டா வேரும் சான்டா மோனிகா வீட்டை விட்டுவிட்டு டொபாங்காவில் மலைச் சரிவாகக் கிடந்த நிலத்துக்கு வந்தார்கள். ஹெர்ட்டாவும் நடிகைதான், அவருக்கும் அதே கதி. பிள்ளைகளோடு வந்தவர்கள் சும்மா உட்காரவில்லை. கீர் படித்த தாவரவியல் அப்போது கைகொடுத்தது. காய்கறியும் மூலிகையும் பயிரிட்டு விற்றார்கள். அப்புறம் சரிவிலேயே ஒரு மேடை போட்டார்கள். தங்களைப் போலவே வேலை பறிபோன நடிகர்கள் வந்து ஷேக்ஸ்பியர் நடித்தார்கள், நாட்டுப்புறப் பாடகர்கள் வந்து பாடினார்கள். பாடவும் நடிக்கவும் தெரிந்தவருக்கு அதைச் செய்ய இடமே இல்லை என்றால் மூச்சு முட்டும். அந்த மூச்சை விட ஒரு நிலம் கிடைத்தது.

அந்த இடம்தான் இன்று 'தியேட்ரிகம் பொட்டானிகம்'. இடையில் கீர் வேறு ஊர்களில் மேடைக்குப் போனார், குடும்பம் பிரிந்தது, ஆனாலும் 1973-இல் எல்லாரும் இங்கேயே மறுபடி கூடி முறையாகத் தொடங்கினார்கள். தொலைக்காட்சியில் வந்த பணத்தை இங்கே போட்டார் தாத்தா. மகள் எலன் கீர் பல பத்தாண்டுகளாகக் கலை இயக்குநர்.

நாடகம் மாலையில்தான், ஆனால் நான் சீக்கிரமே போய்விட்டேன். நுழைந்ததும் தோட்டம். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பெயர் வரும் செடிகளைக் கீர் தேடித் தேடி நட்டிருக்கிறார். ரோஸ்மேரி ஒரு புதர் இடுப்பளவு வளர்ந்திருந்தது. கிள்ளி முகர்ந்தேன். 'ஹாம்லெட்' நாடகத்தில் "நினைவுக்காக" என்று ஒஃபீலியா நீட்டும் அதே இலை. இந்தத் தோட்டத்து மண்ணில்தான் அவருடைய அஸ்தியும் இருக்கிறது. 1978 ஏப்ரலில் அவர் இறக்கும்போது குடும்பத்தார் சுற்றி நின்று வுடி கத்ரியின் பாடலைப் பாடியும், ராபர்ட் ஃப்ராஸ்டின் கவிதைகளைச் சொல்லியும் வழியனுப்பினார்கள்.

வுடி கத்ரிக்கும் இங்கே ஒரு இடம் உண்டு. ஒரு சிறிய மரக் குடில், உள்ளே ஒரு கட்டில் போட்டால் நடக்கக் கொஞ்சம் இடம் மிஞ்சும், அவ்வளவு. பலகைகள் வெயிலில் சாம்பலாகி, ஆணித் தலைகளைச் சுற்றித் துரு வழிந்து காய்ந்திருக்கிறது. கூரை தாழ்வு, நான் நிமிர்ந்தால் கை எட்டிவிடும். அமெரிக்காவின் வறட்சிக் காலத்து அகதிகளின் பாடகன் தங்கிய அறை இது.

கீரும் கத்ரியும் முப்பதுகளின் கடைசியில் கலிஃபோர்னியாவில் பழகியவர்கள். 1940-இல் கத்ரியை நியூயார்க்குக்கு வரச் சொல்லி அழைத்தவரும் கீர்தான். 1952-இல் கத்ரிக்கு ஹண்டிங்டன் நோய் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். தாயிடமிருந்து வந்த நோய். உடல் தன் பேச்சைக் கேட்காமல் துள்ளும், பேச்சு குழறும், மனம் தடுமாறும். பார்த்தவர்கள் குடிகாரன் என்று நினைத்தார்கள். அந்த நிலையில் அவர் வந்து சேர்ந்தது கீரின் நிலத்துக்கு. கீருக்கே அப்போது வருமானம் காய்கறியில்தான். தன் சோற்றுக்கே வழி தேடிக்கொண்டிருந்த ஒருவர் நோயில் விழுந்த நண்பனுக்குக் குடிலை ஒதுக்கினார். இதைப் படித்துத் தெரிந்துகொண்டது வேறு, அந்தத் தாழ்ந்த கூரைக்கு அடியில் நின்றது வேறு. கண் கலங்கிவிட்டது. கத்ரி அதன்பின் வருடக்கணக்காக மருத்துவமனைகளில் கிடந்து 1967-இல் இறந்தார்.

தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு வயதான தன்னார்வலப் பெண்மணியிடம் பேச்சுக் கொடுத்தேன். எழுபதுகளில் இளம்பெண்ணாக இங்கே நாடகம் பார்க்க வந்தவராம். அந்த நாளில் டிக்கெட் கிடையாது, தொப்பி சுற்றி வரும், இருப்பதைப் போடுவோம் என்றார். "வில் வெறுங்காலோடு நடப்பார். யார் வந்தாலும் முதலில் ஒரு செடியைக் காட்டுவார், பிறகுதான் பேரைக் கேட்பார்."

அரங்கில் 299 இருக்கைகள். மலைச் சரிவில் படிப்படியாக மர இருக்கைகள், மேலே திறந்த வானம். பின்னால் திரை கிடையாது, ஓக் மரங்களும் மலையும்தான் பின்புலம். ராஜா படைவீரர்கள் உண்மையாகவே மலையிலிருந்து ஓடி இறங்கி வருகிறார்கள், புழுதி கிளம்புகிறது. நான் பார்த்தது ஒரு ஷேக்ஸ்பியர் இன்பியல் நாடகம். முதல் பாதியில் வெயில் முகத்தில் அடித்தது, இடைவேளைக்குப் பின் குளிர். காதலன் மரத்துக்குப் பின்னால் ஒளியும்போது அந்த மரத்தில் ஏற்கெனவே ஒரு அணில் இருந்தது. நடிகர் அதற்கும் ஒரு வணக்கம் வைத்தார், கூட்டம் கைதட்டியது. நடிகர்களில் பலர் பல வருடமாக இங்கேயே நடிப்பவர்கள், பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு. ஒரு பழிவாங்கலிலிருந்து பிறந்த இடம், எழுபது வருடம் கழித்தும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஞாயிறு

காலையில் அக்கா, அத்தானோடு மாலிபு வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வந்த தமிழர்கள் பெரும்பாலும் போயிருப்பார்கள். கலபாசஸ் மலைகளுக்கு நடுவே 1981-இல் தென்னிந்திய முறையில் எழுப்பிய வெள்ளைக் கோபுரம். புளியோதரையை வாங்கிக்கொண்டு, திரும்பும்போது முல்ஹாலண்ட் சாலை வழியாகப் பழைய டொபாங்கா சாலையில் இறங்கச் சொன்னேன். ஒரு மலை தாண்டினால் போதும், அவ்வளவு பக்கம்.

இந்தப் பழைய சாலையில்தான் கேரி ஹின்மன் இருந்தார். இசை ஆசிரியர், பியானோ சொல்லிக்கொடுப்பார், பௌத்த வழிபாட்டில் ஈடுபாடு. தங்க இடமில்லை என்று வந்த யாருக்கும் வீட்டில் இடம் கொடுப்பவர். அப்படி வந்து போனவர்களில் சார்லஸ் மேன்சன் என்பவனைத் தலைவனாக ஏற்றுத் திரிந்த கூட்டத்தாரும் இருந்தார்கள். 1969 ஜூலை கடைசியில், பணம் வைத்திருக்கிறார் என்ற நினைப்பில் அவர்கள் அவரை அவர் வீட்டிலேயே நாள்கணக்கில் அடைத்து வைத்துக் கொன்றார்கள். அதே கூட்டம் அடுத்த மாதம் செய்த கொலைகளை உலகமே பேசுகிறது, இவரைப் பற்றி ஒரு வரியோடு கடந்துவிடுகிறார்கள். மேன்சனைப் பற்றி நான் எழுத மாட்டேன். ஹின்மனைப் பற்றி எழுதத்தான் வேண்டும். நேற்று கீரைப் பற்றி எழுதியது எல்லாம் உண்மை; அதே குணத்துக்கு இன்னொருவர் உயிரைக் கொடுத்தார் என்பதும் உண்மை. அதற்குப்பின் டொபாங்காவில் வீடுகள் இரவில் பூட்டிக்கொண்டன, சாலையில் கை காட்டுபவரை ஏற்றிக்கொள்ள ஆட்கள் யோசித்தார்கள் என்று பழைய ஆட்களின் நினைவுகளில் படிக்கிறோம்.

"இதெல்லாம் தெரியாமலேயே இவ்வளவு வருஷம் இந்த ரோட்டுல போய்ட்டு வர்றோம்" என்றாள் அக்கா. வண்டியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பாட்டுக்காரர்கள் பக்கம் வருகிறேன். நீல் யங் 1968-இல் இங்கே வீடு வாங்கினார். அவருடைய முதல் மனைவி சூசன் ஊரில் ஒரு சிற்றுண்டிக் கடை நடத்தினார். வெள்ளிக்கிழமை எழுதிய அதே டீன் ஸ்டாக்வெல்லும் அப்போது டொபாங்காவாசி. குழந்தை நட்சத்திரமாக இருந்து, சினிமாவே வேண்டாம் என்று மலைக்கு வந்தவர். டொபாங்காவுக்கு உலக முடிவு வருவதாக ஒரு திரைக்கதை எழுதினார். படம் எடுக்கப்படவே இல்லை. ஆனால் பக்கத்து வீட்டு நீல் யங் அதைப் படித்துவிட்டு, எழுத்து வராமல் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் மடமடவென்று பாட்டு எழுதினார். 1970-இல் வந்த 'ஆஃப்டர் தி கோல்ட் ரஷ்' இசைத்தட்டின் பெரும்பகுதி அவர் வீட்டு அடித்தளத்தில், இடுக்கமான மர அறையில் பதிவானது. பியானோ வாசித்த நில்ஸ் லாஃப்கிரனுக்கு அப்போது பதினெட்டு வயது, பியானோ அவருடைய கருவியும் இல்லை. அந்த வருடமே நீல் யங் வடக்கே ஒரு பண்ணைக்குப் போய்விட்டார். அவரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இது போதும்.

எனக்கு மனசு நிற்பது ஆலன் வில்சனிடம். 'கேன்ட் ஹீட்' குழுவின் பாடகர், கிட்டார், ஹார்மோனிகா. கண்பார்வை மிக மோசம், தடித்த கண்ணாடி. 'குருட்டு ஆந்தை' என்று நண்பர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. மாசசூசெட்ஸில் பிறந்து பாஸ்டனில் இசை படித்த வெள்ளைக்காரப் பையன், மிசிசிப்பி கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் மூழ்கினார். 1964-இல் சன் ஹவுஸ் என்ற பெரிய ப்ளூஸ் கலைஞரைத் தேடிக் கண்டுபிடித்தபோது, அவர் பல வருடமாகக் கிட்டாரைத் தொடாமல் தன் பாட்டுகளையே மறந்திருந்தார். பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்த இருபது வயது வில்சன் எதிரே உட்கார்ந்து, முப்பதுகளில் நீங்கள் இதை இப்படி வாசித்தீர்கள், பிறகு இப்படி மாற்றினீர்கள் என்று வாசித்துக் காட்டினார். அந்தப் பெரியவர் மறுபடி மேடை ஏறினார். குருவுக்குச் சீடன் அவர் பாடத்தையே திருப்பிக் கொடுத்த இந்தக் கதையை நான் எங்கே சொன்னாலும் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ஊரில் 'டொபாங்கா கோரல்' என்று ஒரு இரவு விடுதி இருந்தது. கேன்ட் ஹீட் அங்கே அடிக்கடி வாசித்தது. இரண்டு முறை எரிந்து, இப்போது இல்லை. குழுவின் இன்னொரு பாடகர் பாப் ஹைட்டின் வீடு டொபாங்காவில். வில்சன் அந்த வீட்டில்கூட உள்ளே படுப்பதில்லை. பின்னால் மலைச் சரிவில் தூங்கும் பையை விரித்துப் படுப்பார். மரம் என்றால் உயிர். ரெட்வுட் மரங்களை வெட்டுவதை எதிர்த்து ஒரு கட்டுரை எழுதி, 1970-இல் வந்த தங்கள் இசைத்தட்டின் உறையிலேயே அச்சிட வைத்தார். சூழல் பாதுகாப்பு என்று எல்லாரும் பேசத் தொடங்காத காலம் அது. மனச்சோர்வு அவரை விடவில்லை. 1970 செப்டம்பர் 3, அந்தச் சரிவிலேயே, அந்தப் பையிலேயே இறந்து கிடந்தார். அளவுக்கு மீறிய மாத்திரை. வயது 27. அடுத்த இரண்டு வாரத்தில் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் போனார், அதற்கடுத்து பாடகி ஜேனிஸ் ஜாப்ளின். அந்த இரண்டு பேரும் எல்லாருக்கும் நினைவிருக்கிறார்கள்.

திங்கள்

பள்ளத்தாக்கின் வாயை, கடல் சேரும் இடத்தை, கடைசி நாளுக்கு வைத்திருந்தேன். அங்கே பார்க்க இருந்தது பாதி இப்போது இல்லை.

2025 ஜனவரி 7-ஆம் தேதி பக்கத்து மலையில் பற்றிய பாலிசேட்ஸ் தீ 12 பேரைக் கொன்றது, 6,800-க்கு மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. டொபாங்கா ஊர் தப்பியது, கீரின் அரங்கமும் தப்பியது. ஆனால் டொபாங்கா மாநிலப் பூங்காவின் பெரும்பகுதி எரிந்தது. கடற்கரைச் சாலையோரம் 1929-இலிருந்து நின்ற டொபாங்கா ரான்ச் மோட்டல் போய்விட்டது, எதிர்க்காற்றில் மீன் வறுபடும் மணம் வீசும் 'ரீல் இன்' கடை போய்விட்டது. இன்று சரிவுகளில் கரிந்த தண்டுகளுக்கு அடியிலிருந்து லாரல் சூமாக் புதர்கள் சிவந்த துளிர் விட்டிருக்கின்றன. இந்தப் புதர்கள் தீயோடு வாழப் பழகியவை, வேரிலிருந்து கிளைத்துவிடும். வீடுகளுக்கு அந்த வசதி இல்லை.

தீ இங்கே புதிதல்ல. 1993 நவம்பரில் பழைய டொபாங்கா சாலையில் தொடங்கிய தீ மாலிபு வரை போய் மூன்று உயிரையும் முந்நூற்றுக்கு மேல் வீடுகளையும் எடுத்தது. புதிது என்னவென்றால் காப்பீடு. தனியார் நிறுவனங்கள் மலை வீடுகளைக் கைவிட, மாநிலத்தின் கடைசிப் புகலிடமான ஃபேர் பிளான் என்ற காப்பீட்டில் போய் ஒதுங்குகிறார்கள். பிரீமியம் எகிறுகிறது. வீட்டு விலையோ பத்து லட்சம் டாலருக்குக் கீழே அரிது. 1952-இல் வேலை போன ஒரு நடிகர் காய்கறி விற்றுக் குடும்பத்தை நடத்திய மலையில், இன்று வேலை போன நடிகர் ஒரு மாத வாடகைகூடக் கட்ட முடியாது. எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் வருத்தம் தந்தது இதுதான். கலைஞர்கள் மலையின் அழகுக்காக வந்தார்கள் என்று சுற்றுலாப் புத்தகங்கள் எழுதும். அழகு இன்றும் அப்படியே இருக்கிறது. மலிவுதான் போய்விட்டது, அதோடு அவர்களும் போய்விட்டார்கள்.

கடல் வாயில் ஒரு காலத்தில் மணலிலேயே குடில் போட்டு அலைச்சறுக்கு ஆட்களும் ஓவியர்களும் இருந்தார்கள். 1970-களில் அரசு கடற்கரையை எடுத்துக்கொண்டு அவற்றை இடித்தது. சாலைக்கு உள்பக்கம் இருந்தவர்கள் 2001-இல் மாநிலப் பூங்காத் துறை நிலத்தை வாங்கிய பிறகு வெளியேற வேண்டியிருந்தது. ஓடையும் கடற்கரையும் எல்லாருக்கும் சொந்தமானது நல்லது, அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் வீட்டைக் காலி செய்தவர்கள் பக்கம் என் மனம் சாய்கிறது. மறுபக்கம், ஊர்க்காரர்கள் ஜெயித்த கதையும் உண்டு: மலை உச்சியில் கோல்ஃப் மைதானமும் மாளிகைகளும் கட்ட வந்த திட்டத்தை வருடக்கணக்காக எதிர்த்து நின்றார்கள். 1994-இல் அந்த நிலம் பொதுப் பூங்காவுக்குப் போனது. அந்தப் போராட்டம் நடக்கவில்லை என்றால் வெள்ளிக்கிழமை நான் இறங்கி வந்த சாலையே வேறாக இருந்திருக்கும்.

டொபாங்கா ஓடையில் ஸ்டீல்ஹெட் என்ற ட்ரவுட் மீன் இருக்கிறது. கடலுக்குப் போய்த் திரும்பி வந்து முட்டையிடும் இனம், அழிவின் விளிம்பில் உள்ளது. தீ அடங்கியதும் அடுத்த ஆபத்து மழை: சாம்பலும் சேறும் ஓடையில் இறங்கினால் மீன்கள் மூச்சு முட்டிச் சாகும். அதனால் மழைக்கு முன்னால், அதே ஜனவரியில், மீன்வளத் துறை ஆட்களும் தன்னார்வலர்களும் ஓடையில் இறங்கி 271 மீன்களை வாளிகளில் பிடித்து லாரியில் ஏற்றி, சான்டா பார்பரா மாவட்டத்தில் அரோயோ ஹோண்டோ என்ற ஓடையில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த வசந்தத்திலேயே அவை அங்கே குஞ்சு பொரித்தன. வேலை நடந்தபோது சுற்றிலும் வீடுகள் சாம்பலாகிக் கிடந்தன. அப்படியும் மீனுக்காகத் தண்ணீரில் இறங்க ஆள் இருந்தார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். 27-ஆம் எண் சாலை 2024-இல் மண்சரிவால் மார்ச்சிலிருந்து ஜூன் வரை, 2025-இல் தீக்குப் பின் மே வரை மூடிக் கிடந்தது. கிளம்பும் முன் சாலை திறந்திருக்கிறதா என்று மாநிலப் போக்குவரத்துத் துறையான கேல்ட்ரான்ஸின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். நாடகங்கள் கோடையில் தொடங்கி இலையுதிர் காலம் வரை. மர இருக்கைக்கு ஒரு மெத்தை, இரவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கிளைச் சாலைகள் தனியார் சாலைகள், யாருடைய பழைய வீட்டையும் தேடி உள்ளே போக வேண்டாம். கொஞ்சம் முன்னதாகவே அரங்குக்குப் போய், தோட்டத்தைச் சுற்றிவிட்டு, கத்ரியின் குடில் எங்கே என்று கேளுங்கள், காட்டுவார்கள். டிக்கெட்டுக்கு மேல் பத்து டாலர் நன்கொடைப் பெட்டியில் போட்டால், அது பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் நாடக வகுப்புகளுக்கும் உதவும்.